கப்பல் காசு

என் தொழில் என்னவென்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பழைய காசை எதைப் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்? நீங்களும் கேட்டுவிட்டீர்கள், மேடம். தப்பே இல்லை. கல்யாண வீட்டில், ஓடுகிற பஸ்ஸில், பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதுகூட இதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பதில் சின்னதுதான். எதையும் போடக் கூடாது. தேய்க்கவே கூடாது.

"தேய்க்கலைன்னா அப்புறம் நீங்க என்னதான் பண்றீங்க?" என்பது அடுத்த கேள்வி. அதுவும் நியாயம்தான். என் வேலையில் முக்கால்வாசி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. செம்புக் காசு என்றால் ஆலிவ் எண்ணெயில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிட வேண்டும். மண்ணிலிருந்து எடுத்தது என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, அழுக்குக்கே மனசு வந்து கழன்றுகொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். மிஞ்சிப்போனால் ஒரு ரோஜா முள்ளால் எழுத்து இடுக்கில் லேசாகக் கிளறலாம். ஈரத்தைக்கூடத் துடைக்கக் கூடாது. பஞ்சுத் துணியை மேலே வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், கைக்குழந்தையின் கன்னத்தை ஒற்றுவதுபோல.

வெள்ளிக் காசுக்கு வயதாகும்போது ஒரு நிறம் ஏறும். மழை விட்ட ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் நீலமும் ஊதாவுமாகத் தெரியுமே, அந்த மாதிரி. விவரம் தெரியாதவர்கள் அதை அழுக்கு என்பார்கள். அது அழுக்கில்லை, தோல். ஒருமுறை உரித்தால் உரித்ததுதான். உங்களுக்கு நேரம் இருக்கிறது என்று சொன்னதால் இதையெல்லாம் சொல்கிறேன். எனக்கு இந்தப் பேச்சை எடுத்தால் நிறுத்தத் தெரியாது.

இனி என் வீட்டுக்காரர். அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள்; நானும் அப்படித்தான் சொல்லப் போகிறேன். தரைக்குப் போடுகிற பாலிஷ் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரி, ஹோட்டல், பள்ளிக்கூடம் என்று ஊர் ஊராகப் போய், அழுக்குத் தரையில் ஒரே ஒரு முழத்துக்கு மட்டும் தேய்த்துக் காட்டுவார். அந்த ஒரு முழம் மின்னுவதைப் பார்த்ததும் மிச்சத் தரையைப் பார்க்க அவர்களுக்கே கூச்சமாகிவிடும். ஆர்டர் வந்துவிடும். அப்படிப் பழகின கை வீட்டில் சும்மா இருக்குமா? குழாய், கதவுப் பிடி, அழைப்பு மணியின் பொத்தான் எல்லாவற்றிலும் முகம் பார்க்கலாம். தரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்து வழுக்கி விழாத சொந்தக்காரர்கள் குறைவு. விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, போகும்போது அவரிடமே ஒரு டப்பா பாலிஷை விற்றுவிடுவார்.

வருகிறவர்களிடம் சொல்ல ஒரு ஜோக் வைத்திருந்தார். "என் சம்சாரம் ரொம்ப நாணயமானவ. வீடு பூரா நாணயம்தான்." சொல்லிவிட்டு, வந்தவர் சிரிக்கிறவரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நின்று நானும் சிரிப்பேன். கல்யாணமான புதிதில் நிஜமாகவே சிரிப்பு வந்தது. அப்புறம் பழக்கத்தில் வந்தது.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அதையும் துடைத்துத் துடைத்து, மேலே இருந்த எழுத்தெல்லாம் போய்விட்டது.

எனக்கென்று ஒரு செம்புக் காசு இருந்தது. விலை ஒன்றும் பெரிதில்லை. பழைய சாமான் கடையில் ஒரு ஜாடி நிறையப் பொத்தான் வாங்கினேன், அதற்குள் கிடந்தது. சாக்லெட் நிறம். ஓரத்தில் மட்டும் மெலிதாக ஒரு சிவப்பு, சாயங்காலத்து வெளிச்சத்தில்தான் தெரியும். வேலை முடிந்ததும் அதை எடுத்து ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பேன். சிலர் பாட்டுக் கேட்பார்கள், சிலர் சிகரெட் பிடிப்பார்கள். எனக்கு அது.

ஒரு பிறந்தநாளுக்கு அவர் ஒரு சின்ன டப்பாவை ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தேன். என் காசு. புது வீட்டுச் செம்புக் கம்பி மாதிரி வெளிறிய ரோஸ் நிறத்தில் மினுமினுவென்று இருந்தது. பற்பசை போட்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தாராம்.

"எப்படி இருக்கு?" என்றார். நெற்றியில் வேர்வை. குழந்தை மாதிரி முகம்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. சண்டை போடவில்லை, அழவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பில் இருந்ததை இறக்கினேன். அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் சொல்ல அவருக்கு இன்னொரு கதை கிடைத்துவிட்டது. "இவ தொழில்ல இவளுக்கே தெரியாத வித்தை எனக்குத் தெரியும். கேளுங்க அவளை." நான் தலையாட்டுவேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சொன்னால் அவர் வருத்தப்படுவார். யாரையும் வருத்தப்படுத்துவது என் சுபாவம் இல்லை.

அவர் ஓய்வு பெற்றதும் பகல் முழுக்க வீட்டில் இருக்க ஆரம்பித்தார். என் வேலை அறை மாடியில், பின்பக்கம். பின் ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல், புகை இழுக்கும் ஒரு மின்விசிறி, இரும்புக் கதவு. அந்தக் கதவின் தாழ்ப்பாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஒரு கையால் கதவை மேலே தூக்கிக்கொண்டே இன்னொரு கையால் இழுக்க வேண்டும். எனக்குப் பழக்கம், மற்றவர்களுக்கு வராது. பெரிய ஆட்களின் சேகரிப்பெல்லாம் உள்ளே இருந்ததால் அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தேன்.

அங்கே அவர் டீ எடுத்துக்கொண்டு வருவார். வந்தால் போக மாட்டார். "ஏம்மா, எனக்கும் ஏதாவது வேலை குடேன். சும்மா உக்காந்தா உடம்பு துருப்பிடிச்சிடும்." நான் என் விதிகளை அவருக்குச் சொன்னேன். எதையும் தொடக் கூடாது. மேஜைக்கு ஒரு எட்டுத் தள்ளி நிற்க வேண்டும். உள்ளே வரும்போது பையில் இருப்பதை எல்லாம் வெளியே ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். குனிகிறபோது பேனா விழுந்து ஒரு காசில் பட்டால் முடிந்தது கதை. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கண்காட்சிக்கு வந்த மந்திரி மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தக் கைகளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு முதுகில் ஏதோ ஊர்வதுபோல இருக்கும். கட்டிவைக்க வேண்டிய கைகள் என்று அவருக்கே தெரிந்திருக்கிறதே, அதனால்.

இந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் வந்தார். முதலில் சொன்னேனே, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொன்னது, அவரிடம்தான். அவருடைய அப்பா சேர்த்த வெள்ளிக் காசுகள், தடித்தடியாக ஆல்பங்கள். அந்தக் காலத்து மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த பிளாஸ்டிக் வெயிலுக்கு வேர்த்து, பச்சையாக ஒரு பிசின் விட்டு, காசெல்லாம் பாசி பிடித்த குளத்துப் படிபோல ஆகிவிட்டது. அதற்கு ஒரே வழி அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் சின்ன பாட்டிலில் வைத்திருப்பார்களே, அதன் கலப்படமில்லாத அண்ணன். பிசினை மட்டும் கரைக்கும், வெள்ளியைத் தொடாது. ஆனால் நெடி பொல்லாதது. நான் மூக்கையும் வாயையும் மூடுகிற கரி முகமூடி போட்டுக்கொண்டுதான் அதைத் திறப்பேன். விசிறி ஓடும், ஜன்னல் திறந்திருக்கும். அவர் அந்த நேரத்தில் மாடிப் பக்கமே வரக் கூடாது என்பதும் என் விதிகளில் ஒன்று.

டாக்டருக்கு அந்தக் குவியலில் ஒரே ஒரு காசின் மேல்தான் உயிர். ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், இன்னொரு பக்கம் மூக்கு தேய்ந்த ஒரு ராணி. "அது எங்கப்பாவோட செல்லம்" என்றார். "அதை மட்டும் நல்லபடியா கொண்டுவந்திடுங்க." என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. பல்லுக்குப் பாலிஷ் போடுகிறவரும் தரைக்குப் பாலிஷ் போட்டவரும் கீழே உட்கார்ந்து பேசிச் சிரித்தது மாடிவரைக்கும் கேட்டது. என்னிடம் வேலை கொடுக்க வந்தவர், அவரிடம் பேச வர ஆரம்பித்தார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

கப்பல் காசை நான் ஒரு காலையில் எடுத்தேன். பிசின் கரைந்து வந்தது. இரண்டாவது குளியலும் முடித்து, தண்ணீரில் அலசி, பஞ்சுத் துணியில் வைத்து மூடிய நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நல்ல விளக்கில்லாமல் காசைப் பார்ப்பது என் வழக்கமில்லை. வரட்டும் என்று, கதவைத் தாழ் போடாமல் வெறுமனே சாத்திவிட்டு, காய்கறி வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேஜைப் பக்கத்தில் அவர். கையில் மஞ்சள் துணி. வாயில் ஏதோ பாட்டு.

என்னைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கொண்டுபோனார். "கரண்ட் வந்துதான்னு பாக்க வந்தேன். விளக்குக் கண்ணாடியில ஒரே தூசி. அதை மட்டும்தான் துடைச்சேன். காசு பக்கமே போகலை, சத்தியமா."

நான் கேட்கவே இல்லை, கவனியுங்கள். அவராகச் சொன்னார்.

"சரிங்க" என்றேன். அவர் கீழே போனதும் துணியை விலக்கினேன். காசு பளிச்சென்று இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். கப்பலின் பாய் மேல், ராணியின் கன்னத்தின் மேல், வட்டம் வட்டமாக, தலைமுடியைவிட மெல்லிய கோடுகள். தேய்த்த காசில் விழுகிற கோடு. நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது அவர் வட்டமாகத்தான் தேய்ப்பார்.

நான் கத்தவில்லை. கீழே போய் வெண்டைக்காய் நறுக்கினேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நுனியை ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டிருக்கலாமா? கேட்டால் ஒரு மனுஷரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரிடம் அப்படி நடந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் யோசித்தேன். மாடியில் இன்னும் எத்தனையோ காசுகள் இருந்தன. ஒவ்வொன்றும் இங்கே வந்து சேர நூறு, இருநூறு வருஷம் எடுத்துக்கொண்டவை. பஞ்சம், சண்டை, வெள்ளம் எல்லாம் தாண்டி வந்தவை. அவற்றுக்கு ஒரு மஞ்சள் துணியால் முடிவு வருவது நியாயமா? கதவைப் பூட்டிக்கொள்ளலாம்தான். பூட்டினால் ஏன் பூட்டினாய் என்று கேட்பார். மறுபடியும் வருத்தம்.

அடுத்த வாரம் அவரிடம், "எனக்குக் கை ஒத்தாசை வேணும். பிளாஸ்டிக் உறையிலேர்ந்து காசைப் பிரிச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகம் எப்படி ஆனது என்று எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. "நிஜமாவா?" என்றார். தன் தங்கைக்குப் போன் போட்டு, "நாளையிலேர்ந்து நான் அண்ணிக்கு அசிஸ்டென்ட்" என்று சொன்னார். அன்றைக்கே நகம் வெட்டிக்கொண்டார்.

அறையை வேலைக்குத் தயார் செய்வதில் நான் எப்போதும் கறார். வெளியே ரோடு தோண்டிக்கொண்டிருந்தார்கள், புழுதி வரும், அதனால் ஜன்னலைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணி வைத்தேன். விசிறி ஓடினால் மேஜை லேசாக அதிரும், அதனால் பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். வேலை நிறைய இருந்ததால் ஒரு தட்டுக்குப் பதிலாகப் பல தட்டுகளில், மூடி போடாமல், அசிட்டோன் ஊற்றி வைத்தேன். முகமூடி என்னிடம் ஒன்றுதான் இருந்தது. இப்போது நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தார். வாசலில் தட்டைக் காட்டினேன். பேனா, கண்ணாடிக் கூடு, சில்லறை, இன்ஹேலர் எல்லாம் எடுத்து வைத்தார். இன்ஹேலரை மட்டும் ஒரு நொடி கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுவுமா?"

"அதுதான் கனமானது" என்றேன். "விழுந்தா அவ்வளவுதான்."

"ஆமா ஆமா" என்று வைத்துவிட்டார். உள்ளே வந்ததும் நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

நன்றாக வேலை செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். உறையைக் கத்தரிக்கோலால் ஓரமாக வெட்டி, காசை விளிம்பில் மட்டும் பிடித்து, பூவை வைப்பதுபோல வைத்தார். நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மனதில் இருந்திருக்கிறது. நடுநடுவே இருமினார். "என்னம்மா நெடி இது, ஒரு ஆபீஸ் பூரா நகப்பூச்சு அழிக்கிற மாதிரி" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. முகமூடிக்குள் இருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஏதோ பழைய கதை சொன்னார். ஒரு ஆஸ்பத்திரித் தரையில் பாலிஷ் போட்டுக் காட்டப்போய், பெரிய டாக்டரே வழுக்கி, அவர் சொந்த வார்டிலேயே படுத்த கதை. எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அன்று நன்றாகச் சொன்னார். பாதியில் மூச்சு வாங்கியது.

"லேசா மூச்சு முட்டுதும்மா. கதவைத் திறயேன், ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

என் இடுக்கியில் ஒரு காசு இருந்தது. அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்திருந்தேன்.

"இந்த ஒண்ணை ஒத்தி எடுத்துட்டு வந்துடறேங்க. பாதியில விட்டா துளி காஞ்சு கறை விழுந்துடும்."

அவர் எழுந்து கதவுப் பக்கம் போனார். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். அது அவருக்கு வராது. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து. உள்ளே விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம். சட்டைப் பையைத் தடவினார், பை காலி. நான் காசை ஒற்றிக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. கையை மட்டும் லேசாகத் தூக்கி ஆட்டினார், ரோட்டைக் கடக்கும்போது வண்டிக்காரரைப் போகச் சொல்வோமே, அப்படி.

"அவசரப்படாத" என்றார். "காசு கெட்டுடப் போகுது."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் அந்தக் காசை முடித்தேன். தட்டில் மிச்சம் இருந்தவற்றையும் முடித்தேன். ஊறிக்கொண்டிருப்பவற்றை அப்படியே விட முடியாது, உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். தட்டுகளை மூடி, முகமூடியைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டு, கதவைத் திறந்தேன். இன்ஹேலரை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வந்த பையன்கள் தங்கமானவர்கள். மாடிப்படியில் ஒருவன் வழுக்கிக்கூட விழப்பார்த்தான்.

என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அண்ணி, நீங்களும் அதே ரூம்லதானே இருந்தீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்!" என்றாள். நல்ல பெண். அவளுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது. "கடைசியா போன்ல அவ்வளவு சந்தோஷமா பேசினாரு அண்ணி" என்றாள். ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

பல் டாக்டரும் வந்தார். என் வீட்டுக்காரர் இருந்தால் இந்நேரம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். கூட்டம் கலைந்த பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"இப்ப சொல்ற விஷயம் இல்லை. ஆனா சொல்லலைன்னா எனக்கு உறுத்தும். அந்தக் கப்பல் காசு..."

"சொல்லுங்க டாக்டர்."

"அப்பா இருக்கும்போதே, நான் படிச்சு முடிச்சு கிளினிக் வெச்ச புதுசுல, அவருக்கு ஒரு ஆச்சரியம் குடுக்கலாம்னு அதை என் மெஷின்ல போட்டுட்டேன். பல்லுக்குப் பாலிஷ் போடற சின்னச் சக்கரம். பளபளன்னு ஆயிடுச்சு. அப்பா ஒண்ணுமே சொல்லலை. உறைக்குள்ள போட்டு மூடினவர், அப்புறம் திறக்கவே இல்லை. உங்ககிட்ட குடுக்கும்போது சொல்லியிருக்கணும். நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேன். பிசினை எடுத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

அவர் கண் கலங்கியிருந்தது. வயதான மனுஷர் இப்படிக் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"பரவாயில்லை டாக்டர்" என்றேன். "யாருக்கும் நடக்கிறதுதான். ஒத்துக்கணும்னு தோணிச்சு பாருங்க, அதுவே பெருசு. இதை மனசுல வெச்சுக்காதீங்க."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட, காசைக் குடுத்த அன்னிக்கே சொல்லிட்டேன்" என்றார் அவர். "அவருக்குத் தெரியும். 'அவகிட்ட நீங்களே சொல்லுங்க, அவ கோபப்படவே மாட்டா, என் பொண்டாட்டி தங்கம்'னு சொன்னார்."

டாக்டரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். பிறகு மாடிக்குப் போய் அந்தக் காசை மறுபடியும் பார்த்தேன். சக்கரம்தான். வட்டங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. மனுஷக் கை அப்படிப் போடாது, ஒரு வட்டம் கோணும், ஒன்று அழுந்தும். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அன்று காலையிலேயே, கண்ணாடியில் பார்த்த அந்த முதல் நொடியிலேயே, அது என் கண்ணில் பட்டது. இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம் வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அவர் அந்தக் காசைத் தேய்க்கவில்லை, சரி. என்றைக்காவது ஒருநாள் ஏதாவது ஒன்றைத் தேய்த்திருப்பார். அந்தச் செம்புக் காசைத் தேய்த்தாரே.

இனி நான் வந்த விஷயம். உங்கள் ஆட்கள் அன்று அறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மீசை வைத்த ஒருவர், ரொம்ப மரியாதையான மனுஷர், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். நேற்று என் நாத்தனார் அறிக்கையின் நகலை வாங்கி வந்து காட்டினாள். விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். ரசாயனத்தைக் கையாண்டவருடைய கவனக்குறைவால், போதிய காற்றோட்டம் இல்லாமல் நேர்ந்த விபத்து. அனுதாபத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள், வழக்கு எதுவும் வேண்டாம் என்றும் இருக்கிறது. நாத்தனார் அதைப் படித்துவிட்டு, "விடுங்க அண்ணி, தெரியாம யாருக்கும் நடக்கிறதுதானே" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜன்னலைச் சாத்தியது நான். துணி வைத்து அடைத்ததும் நான். விசிறியின் பிளக்கைப் பிடுங்கியது, தட்டுகளைத் திறந்து வைத்தது, இன்ஹேலரை வெளியே வைக்கச் சொன்னது, அவரால் திறக்க முடியாத தாழ்ப்பாளைப் போட்டது, எல்லாம் யோசித்து, ஒன்றன் பின் ஒன்றாக, அவர் அந்த அறையிலிருந்து உயிரோடு வெளியே வரக் கூடாது என்று செய்தவை. எந்த இடத்திலும் என் கை நடுங்கவில்லை. அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னால் போடுகிறேன்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள், மேடம். கவனக்குறைவு என்று என்னை யாரும் சொன்னதில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். இத்தனை வருஷத்தில், என்னை நம்பி ஒப்படைத்த ஒன்றுகூட என் கையில் கெட்டுப்போனதில்லை.